துப்பாக்கியின் இரு முனைகளையும் சேகரியுங்கள்

கிள்ளான் பள்ளத்தாக்கில் பழைய ராணுவத் துப்பாக்கிகளின் மாதிரிகளைச் சேகரிப்பவர்களுக்கும், சேகரிக்க ஆசைப்படுபவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் இருக்கும் தமிழ்ச் சேகரிப்பாளர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். உங்களில் சிலர் பழைய நாணயம், தபால்தலை என்று தொடங்கி, பிறகு ராணுவத் தொப்பி, பதக்கம், தண்ணீர்க் குடுவை என்று வளர்ந்து, இப்போது லீ-என்ஃபீல்டு, அரிசாகா போன்ற பழைய போர்த் துப்பாக்கிகளின் ரெப்ளிகாக்கள்மீது கண் வைத்திருக்கிறீர்கள். உங்கள் ஆசையைக் குறைசொல்ல நான் வரவில்லை. ஒரு பொருளைக் கையில் எடுத்து, அதன் எடையை உணர்ந்து, அது எந்த ஆண்டில் எந்தப் பட்டறையில் பிறந்தது என்று தேடிப் போகிறவர் வரலாற்றின் வாசலுக்கு வந்துவிட்டவர். அந்த வாசலிலேயே நின்றுவிடாமல் உள்ளே வாருங்கள் என்று அழைக்கத்தான் இந்த மடல்.

நான் கேட்பது ஒன்றுதான். ஒரு துப்பாக்கிக்கு இரண்டு முனை உண்டு. ஒரு முனையில் அதைத் தோளில் தாங்கியவர் நிற்கிறார். மறுமுனையில் அதற்கு எதிரே நின்றவர் இருக்கிறார். சேகரிப்பாளர்களின் கவனம் பெரும்பாலும் முதல் முனையிலேயே தங்கிவிடுகிறது. இந்த மண்ணில் நம்மவர்கள் இரண்டு முனையிலும் நின்றிருக்கிறார்கள். ஆகவே நம் சேகரிப்பில் இரண்டும் இருந்தாக வேண்டும்.

முதலில் உங்கள் கண்ணுக்கு மிகவும் பிடித்த பொருளிலிருந்தே தொடங்குகிறேன். லீ-என்ஃபீல்டு குறுந்துப்பாக்கி, மூன்றாம் மார்க், 1907-இல் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு வந்தது. நீளம் 113 சென்டிமீட்டர், எடை ஏறக்குறைய 4 கிலோ. மேகசினில் பத்துத் தோட்டா. ஐந்து ஐந்தாக இரும்புக் கவ்வியில் செருகி, மேலிருந்து கட்டைவிரலால் அழுத்தி உள்ளே தள்ளுவார்கள். பார்வைக் குறியில் 200 கெஜத்திலிருந்து 2000 கெஜம் வரை கோடுகள் இருக்கும். பின்கட்டையின் அடியில் பித்தளைத் தகடு. அந்தத் தகட்டில் ஒரு சின்னக் கதவு. அதைத் திறந்தால் உள்ளே எண்ணெய்ப் புட்டியும், குழலைத் துடைக்கும் கயிறும் இருக்கும். பல ரெப்ளிகாக்களில் இந்தக் கதவு திறக்காது. வெறும் கோடாக வார்த்து விட்டிருப்பார்கள். நல்ல மாதிரியையும் கடைச் சரக்கையும் பிரித்துக் காட்டும் இடங்களில் இது ஒன்று.

இன்னொரு இடம் விசைக்கு மேலே, வலப்புறம், பின்கட்டை செருகப்படும் இரும்பு வளையம். அசல் துப்பாக்கியில் அங்கே கிரீடம், அதன் கீழ் அரசரின் எழுத்துகள், தொழிற்சாலையின் பெயர், ஆண்டு, மார்க் எண் எல்லாம் பொறித்திருக்கும். வங்காளத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்தவற்றில் இஷாப்பூர் என்ற பெயர் தெளிவாக இருக்கும். மரத்தின் முன்பகுதியில், மேகசினுக்குச் சற்று முன்னால், குறுக்கே ஓர் ஆணி முடுக்கியிருப்பார்கள்; மரம் பிளக்காமல் இருக்க இஷாப்பூர் கண்ட வழி அது. பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் சிப்பாய்கள் மலாயாவுக்குத் தூக்கி வந்தது இந்தக் குடும்பத்துத் துப்பாக்கியைத்தான்.

இப்போது மறுமுனைக்கு வருவோம்.

1941-ஆம் ஆண்டின் முற்பகுதி. கிள்ளான் வட்டாரத்து ரப்பர் தோட்டங்கள். உலகப் போரால் ரப்பருக்கு நல்ல கிராக்கி, தோட்ட முதலாளிகளுக்கு நல்ல வரவு. பால்மரம் சீவியவர்களுக்கோ பழைய கூலிதான். அப்போது கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் பின்னால் தொழிலாளர்கள் திரண்டார்கள். முன்னணியில் நின்றவர்களில் முக்கியமானவர் ஆர். எச். நாதன். ‘தமிழ் நேசன்’ இதழில் துணையாசிரியராக வேலை பார்த்தவர். தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளை உங்கள் சேகரிப்பு அறையில் ஒரு தாளில் எழுதி ஒட்டி வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சீனத் தொழிலாளிக்கு இணையான கூலி. கொடுமைப்படுத்தும் கங்காணிகளை நீக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் படிப்பு. முறையான மருத்துவம். கள்ளுக்கடை மூடல். பேசவும் கூடவும் சங்கம் வைக்கவும் உரிமை. உறவினர் தோட்டத்துக்குள் வந்து போக அனுமதி. இவற்றோடு ஒன்று: துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும்.

இந்தக் கடைசிக் கோரிக்கையைக் கொஞ்சம் நிதானமாக நினைத்துப் பாருங்கள். கடன்பட்டு வாங்கிய சைக்கிள். நாள் முழுக்க உழைத்தவன் தன் காலால் மிதித்துப் போகும் பாதை. எதிரே வெள்ளைத் தொப்பி தெரிந்ததும் இறங்கி ஓரம் ஒதுங்கி நிற்க வேண்டும். கூலி உயர்வு வயிற்றுக்கான கோரிக்கை. சைக்கிளைவிட்டு இறங்கமாட்டேன் என்பது முதுகெலும்புக்கான கோரிக்கை. தலையில் காந்திக் குல்லா வைத்ததுகூட அன்றைய துரைமார்களுக்கு எரிச்சலாக இருந்தது.

மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். அவரை விடச் சொல்லித் தொழிலாளர்கள் திரண்டார்கள். கிள்ளானிலிருந்து கோலசிலாங்கூர், கோலலங்காட் என்று வேலைநிறுத்தம் பரவியது. ஆளுநர் ஷென்டன் தாமஸின் நிர்வாகம் சிலாங்கூரில் அவசரநிலையை அறிவித்து, போலீஸோடு இந்திய ராணுவத் துருப்புகளையும் இறக்கியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர். நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள், பலர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள், நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். மே மாத இறுதிக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. தோட்டத்துக்குள் வந்து நின்ற சிப்பாயும் கடல் தாண்டி வந்தவன், அவன் எதிரே நின்ற கூலியும் கடல் தாண்டி வந்தவன். இருவரையும் எதிரெதிரே நிறுத்தியவர்கள் வேறு யாரோ. இஷாப்பூர் முத்திரையைத் தேடும் கண், இதையும் சேர்த்துத் தேட வேண்டும்.

அதே ஆண்டு டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பானியர் கோத்தாபாருவில் இறங்கினார்கள். 1942 ஜனவரி 11-இல் கோலாலம்பூர் விழுந்தது. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர். உங்களில் பலர் விரும்பும் அரிசாகா முப்பத்தெட்டாம் வகை இந்த மண்ணுக்கு வந்த கதை இது. மெய்ஜி பேரரசரின் 38-ஆம் ஆட்சி ஆண்டில், அதாவது 1905-இல், வடிவம் பெற்றதால் அந்தப் பெயர். குழலின் அடியில், தோட்டா நுழையும் அறைக்கு மேல், பதினாறு இதழ்ச் சாமந்தி முத்திரை இருக்கும். அது பேரரசரின் சொத்து என்பதற்கு அடையாளம். சரணடைந்தபோது பல துப்பாக்கிகளில் அந்தப் பூவை அரத்தால் ராவி அழித்துவிட்டுக் கொடுத்தார்கள். ஆகவே இன்று பூ முழுசாக இருக்கும் அசலுக்குச் சேகரிப்பாளர்களிடம் தனி மதிப்பு. ரெப்ளிகா செய்பவர்களும் பூவை அழகாகவே வார்த்துக் கொடுக்கிறார்கள்.

அந்தப் பூவுக்கு எதிரே நின்றவர்கள் நம் தோட்டத்து ஆட்கள். 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களை ஏற்றிப் போனார்கள். மூன்று மாத வேலை, நல்ல சம்பளம் என்ற பேச்சை நம்பிப் போனவர்கள் உண்டு. லாரியில் பிடித்து ஏற்றப்பட்டவர்களும் உண்டு. காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் செத்தவர்களுக்குக் கல்லறை எண்கள்கூடக் கிடையாது. காஞ்சனபுரியில் வெள்ளைக்காரக் கைதிகளுக்கு வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைத் தோட்டம் இருக்கிறது. நம்மவர்களுக்கு மிஞ்சியது ‘சயாம் மரண ரயில்’ என்று வீட்டுக்கு வீடு சொல்லப்பட்ட நினைவுதான். அரிசாகா மாதிரியைச் சுவரில் மாட்டும் ஒரு மலேசியத் தமிழர், அந்தப் பெயரை அதன் கீழே எழுதாமல் விட்டால் அந்தச் சுவர் பாதிக் கதையைத்தான் சொல்லும்.

1943-இல் துப்பாக்கி கைமாறியது. ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். அக்டோபர் 21-இல் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார். பிரிட்டிஷார் சரணடைந்தபோது விட்டுச் சென்ற லீ-என்ஃபீல்டுகள் இந்திய தேசிய ராணுவத்தின் கைக்கு வந்தன. இரண்டு ஆண்டுக்கு முன் அந்தத் துப்பாக்கிக்கு எதிரே நின்ற தோட்டத்துத் தொழிலாளிகளின் கூட்டத்திலிருந்து வந்தவர்கள், இப்போது அதைத் தோளில் சாய்த்து அணிவகுத்தார்கள். அந்த ராணுவத்தின் மகளிர் பிரிவான ஜான்சி ராணிப் படையில் பெண்களும் துப்பாக்கிப் பயிற்சி எடுத்தார்கள். கோலாலம்பூரில் பிறந்து வளர்ந்த ஜானகி, பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன், போஸின் பேச்சைக் கேட்டுத் தன் காதணிகளைக் கழற்றிக் கொடுத்துப் படையில் சேர்ந்தார். அந்தப் படையின் இரண்டாம் நிலைத் தலைமைக்கு உயர்ந்தார். போருக்குப் பின் 1946-இல் மலாயா இந்தியர் காங்கிரஸ் உருவானபோது அதிலும் முன்நின்றார். பிறகு மேலவை உறுப்பினர். 2000-இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. 2014-இல் மறைந்தார். பதினெட்டு வயதுப் பெண்ணின் தோளில் நாலு கிலோ இரும்பும் மரமும் எப்படி உட்கார்ந்திருக்கும் என்று புரியவைக்க ஒரு நல்ல ரெப்ளிகாவால் முடியும். ரெப்ளிகாவின் நியாயமான வேலை அதுதான் என்று நான் நம்புகிறேன். புத்தகம் சொல்ல முடியாத எடையை அது கைக்குச் சொல்லிவிடும்.

அடுத்தது, கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோடு அரசு மோதிய அவசரகாலம், 1948 முதல் 1960 வரை. இங்கேதான் உங்கள் கூட்டத்தின் கனவுத் துப்பாக்கி வருகிறது: லீ-என்ஃபீல்டு ஐந்தாம் எண், ‘ஜங்கிள் கார்பைன்’. 1944-இலிருந்து 1947 வரை ஏறக்குறைய 2.5 லட்சம் மட்டுமே செய்தார்கள். குழலைக் குறுக்கி, மரத்தை வெட்டி, உலோகத்தைத் தேவையில்லாத இடமெல்லாம் குடைந்து, எடையை 3.2 கிலோவுக்குக் கொண்டுவந்தார்கள். குழல் முனையில் தீச்சுடரை மறைக்கப் புனல்போல் ஒரு கவசம். தோளில் படும் இடத்தில் ரப்பர் அட்டை. எடை குறைந்ததால் உதை அதிகம்; குறி ஓரிடத்தில் நிற்காமல் நகர்கிறது என்ற புகாரும் அதன்கூடவே பிறந்தது. மலாயாக் காடுகளில் ராணுவமும் போலீஸும் இதைத் தூக்கித் திரிந்தார்கள். தோட்டங்களைக் காவல் காத்த சிறப்புக் காவலர்களில் தமிழர்களும் இருந்தார்கள்.

அதே காலத்தின் மறுமுனையில் எஸ். ஏ. கணபதி நிற்கிறார். தஞ்சை மண்ணில் பிறந்து, மலாயாவில் தொழிற்சங்கவாதியாக வளர்ந்து, அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானவர். 1949 மார்ச்சில் ரவாங் பக்கம் பிடிபட்டார். குற்றம்: அனுமதியில்லாமல் ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாவும் வைத்திருந்தது. இந்தியா கருணை கேட்டும் பயனில்லை. 1949 மே 4-ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு ஐந்து மாதம் முன்பு, 1948 டிசம்பரில், இதே சிலாங்கூரின் பத்தாங்காலியில் ஆயுதமில்லாத 24 சீனத் தொழிலாளர்களைப் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டுக் கொன்றிருந்தார்கள். புடு சிறை இன்று இல்லை. அந்த இடத்தில் லாலாபோர்ட் பேரங்காடி நிற்கிறது. பழைய நுழைவாயிலை மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள். வார இறுதியில் அங்கே கடை சுற்றப் போகும் பிள்ளைகளில் எத்தனை பேருக்குக் கணபதியின் பெயர் தெரியும்?

நம் நாட்டில் துப்பாக்கிச் சட்டம் ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறது என்று உங்களில் பலர் அலுத்துக்கொள்வது எனக்குத் தெரியும். அமெரிக்காவில் கடையில் தொங்குகிறது, ஐரோப்பாவில் தபாலில் வருகிறது, இங்கே ஒரு ஈயப் பொம்மைக்குக்கூட இத்தனை கெடுபிடியா என்பீர்கள். அந்தக் கெடுபிடிக்குப் பின்னால் அவசரகாலத்தின் நீண்ட நிழல் இருக்கிறது. அனுமதியில்லாத ஆயுதத்துக்குத் தூக்கு என்ற விதி 1948-இன் அவசரகாலச் சட்டங்களில் வந்தது. 1960-இல் ஆயுதச் சட்டம். 1971-இல் தண்டனையைக் கூட்டிய துப்பாக்கிச் சட்டம். ஆயுதச் சட்டத்தின் 36-ஆம் பிரிவு போலித் துப்பாக்கியைப் பற்றியது. சுடுமா சுடாதா என்பது அங்கே கேள்வியே இல்லை. பார்த்தால் துப்பாக்கி போல இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஓராண்டு வரை சிறை, ஐயாயிரம் வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். 1971 சட்டத்தின்படி போலித் துப்பாக்கியைக் காட்டி ஒருவரை அச்சுறுத்தினால் பத்தாண்டு வரை சிறையும் பிரம்படியும்.

ஆகவே தம்பி தங்கைகளே, இதைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். இணையக் கடையில் ‘விளையாட்டுப் பொருள்’, ‘அலங்காரப் பொருள்’ என்று எழுதி அனுப்பிவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் எதையும் வரவழைக்காதீர்கள். உதிரி உதிரியாகப் பிரித்து வாங்கிச் சேர்த்துப் பொருத்தும் குறுக்குவழியும் வேண்டாம். போலீஸ் நிலையத்துக்குப் போய், எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிய பிறகு மட்டுமே ஒரு மாதிரி உங்கள் வீட்டுக்குள் வர வேண்டும். அனுமதி கிடைக்கவில்லை என்றால் அத்தோடு சேகரிப்பு முடிந்துபோவதில்லை. பயிற்சிக் கையேடுகள், தோட்டாப் பையின் தோல்வார், பித்தளை எண்ணெய்ப் புட்டி, ராணுவ அடையாள அட்டை, புகைப்படம், ஆறில் ஒரு பங்கு அளவில் செய்த சிறு வடிவங்கள் என்று ஒரு துப்பாக்கியைச் சுற்றி ஒரு முழு உலகம் இருக்கிறது. கோலாலம்பூரில் தேசிய அருங்காட்சியகத்துக்கு அருகிலேயே போலீஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. போர்ட் டிக்சனில் தரைப்படை அருங்காட்சியகம் இருக்கிறது. அசல்களை அங்கே கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று மணிக்கணக்காகப் பார்த்துக் குறிப்பெடுக்கலாம். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

மற்ற நாடுகளும் இந்தக் கேள்வியைத் தங்கள் வழியில் தீர்த்திருக்கின்றன. ஜப்பானில் மாதிரித் துப்பாக்கிகளுக்குப் பெரிய ரசிகர் கூட்டம் உண்டு. அங்கே 1971-இல் சட்டத்தைத் திருத்தி, உலோகத்தில் செய்த கைத்துப்பாக்கி மாதிரிகளின் குழலை அடைக்க வேண்டும், வெள்ளை அல்லது மஞ்சள் நிறம் பூச வேண்டும் என்றார்கள். பிரிட்டனில் 2006-ஆம் ஆண்டுச் சட்டம் நிஜம்போலத் தெரியும் போலித் துப்பாக்கிகளின் விற்பனையைத் தடைசெய்தது. ஆனால் அருங்காட்சியகம், நாடகம், திரைப்படம், வரலாற்று மீள்நடிப்பு ஆகியவற்றுக்கு விலக்கு கொடுத்தது. 1870-க்கு முந்தைய வடிவங்களையும் விட்டுவைத்தது. அந்த விலக்குகள் வானத்திலிருந்து விழவில்லை. அங்கிருந்த சேகரிப்பாளர்களும் மீள்நடிப்புக் குழுக்களும் பொறுப்போடு நடந்து, தங்கள் வேலைக்கு ஒரு பொதுப்பயன் இருக்கிறது என்று காட்டி, பேசிப் பெற்றவை. நாமும் ஒருநாள் அப்படிப் பேச வேண்டும் என்றால், அதற்கான நம்பிக்கையை இன்றே ஈட்டத் தொடங்க வேண்டும்.

நம்பிக்கை என்றதும் இன்னொன்று. ரெப்ளிகா உலகில் பொய்யும் உண்மையும் அடுத்தடுத்த அலமாரியில் இருக்கின்றன. நேர்மையான மறுபடைப்புக்கு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. பர்மிங்காமின் பார்க்கர்-ஹேல் நிறுவனம் 1853-ஆம் ஆண்டு என்ஃபீல்டின் மறுபடைப்பைச் செய்தபோது தன் பெயரைப் பொறித்தே விற்றது. இத்தாலியின் பெதர்சோலியும் அப்படித்தான். சுடவே முடியாத உலோக மாதிரிகளைச் செய்யும் ஸ்பெயினின் டெனிக்ஸும் தன் பெயரை மறைப்பதில்லை.

மறுபக்கம் பாருங்கள். கைபர் கணவாய்ப் பக்கத்து தாரா ஆதம் கேல் பட்டறைகளில் அரமும் சுத்தியும் வைத்தே லீ-என்ஃபீல்டைச் செய்துவிடும் கைகள் இருந்தன. அந்தக் கைத்திறனை நான் வணங்குகிறேன். ஆனால் அங்கே பொறித்த முத்திரைகளில் எழுத்துப் பிழை இருக்கும், ஆங்கில எழுத்துகள் திரும்பி நிற்கும், குறுந்துப்பாக்கியில் விக்டோரியா அரசியின் எழுத்துகள் இருக்கும். அரசி 1901 ஜனவரியில் காலமாகிவிட்டார். குறுந்துப்பாக்கி அதற்குப் பிறகுதான் பிறந்தது. இந்த ஒரு கணக்குத் தெரிந்தால் போதும், ஏமாற மாட்டீர்கள். அமெரிக்காவில் 1950களிலும் 60களிலும் சாதாரண லீ-என்ஃபீல்டுகளை அறுத்துக் குறுக்கி, முனையில் புனல் வைத்து, ‘ஜங்கிள் கார்பைன்’ என்று விற்றார்கள். 1990களில்கூட இஷாப்பூர் துப்பாக்கிகளைக் கொண்டு அந்தச் சாயலில் புதிது செய்து விற்ற நிறுவனம் உண்டு. புதிது என்று சொல்லி விற்றால் தவறில்லை. கைமாறிக் கைமாறி வரும்போது ‘மலாயா அவசரகாலத்தில் உழைத்தது’ என்று யாரோ ஒருவர் கதை கட்டிவிடுகிறார் பாருங்கள், அங்கேதான் வரலாறு கெட்டுப்போகிறது.

அதனால் உங்களிடம் சில கோரிக்கைகள் வைக்கிறேன்.

உங்களிடம் இருக்கும் ஒவ்வொரு மாதிரியிலும், பின்கட்டைத் தகட்டின் உட்புறத்திலோ மரத்தின் அடியிலோ, ‘மறுபடைப்பு’ என்றும் செய்த ஆண்டையும் அழியாமல் பொறித்து வையுங்கள். நாளைக்கு நீங்கள் இல்லாதபோது உங்கள் பிள்ளை அதை அசல் என்று நம்பி ஏமாறக்கூடாது. பிறரை ஏமாற்றவும் கூடாது.

ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு கோப்பு வையுங்கள். அதில் இரண்டு பகுதி இருக்கட்டும். இந்த வகைத் துப்பாக்கியை இந்த மண்ணில் யார் ஏந்தினார்கள் என்பது முதல் பகுதி. யார் அதற்கு எதிரே நின்றார்கள் என்பது இரண்டாம் பகுதி. லீ-என்ஃபீல்டின் கோப்பில் கிள்ளான் வேலைநிறுத்தமும் ஜான்சி ராணிப் படையும் சேர்ந்தே இருக்க வேண்டும். அரிசாகாவின் கோப்பில் சயாம் ரயில் இருக்க வேண்டும். ஐந்தாம் எண்ணின் கோப்பில் சிறப்புக் காவலரும் இருக்க வேண்டும், கணபதியும் பத்தாங்காலியும் இருக்க வேண்டும்.

தோளில் துப்பாக்கியை வைத்து முறைத்துப் பார்க்கும் படங்களை எடுத்துப் போடாதீர்கள். சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. நம் இளைஞர்களைக் குண்டர் கும்பல்களோடு சேர்த்துப் பேசும் பழக்கம் இந்த நாட்டில் இன்னும் போகவில்லை. அந்தப் பேச்சால் வேலை கிடைக்காமல், வாடகைக்கு வீடு கிடைக்காமல் நிற்கும் பையன்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். வரலாற்று ஆர்வத்தில் நீங்கள் எடுத்த படம், அவர்கள் தலையில் இன்னொரு கல்லாக விழ வேண்டாம்.

முதியவர்களிடம் போங்கள். 1941-இல் குல்லா போட்டு நடந்தவர்களும், சயாம் போய் மீண்டவர்களும் ஏறக்குறைய எல்லோரும் போய்விட்டார்கள். அவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இன்று எழுபது, எண்பதைத் தாண்டியவர்கள். காப்பார், மேரு, பந்திங், கோலசிலாங்கூர்ப் பக்கம் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது சிதறிப் போன குடும்பங்களில் அவர்கள் இருக்கிறார்கள். துப்பாக்கியின் பார்வைக் குறியில் எத்தனை கோடு என்று எண்ணும் பொறுமை உங்களிடம் இருக்கிறது. அந்தப் பொறுமையில் பாதியை ஒரு பாட்டியின் பேச்சைப் பதிவு செய்யக் கொடுங்கள். தொழிலாளர்கள் காலையில் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் சிப்பாய்கள் வந்து நின்ற காலையைப் பற்றி அவருடைய அப்பா என்ன சொன்னார்? துப்பாக்கியைப் பார்த்ததும் பெண்கள் எங்கே ஓடினார்கள்? யார் ஓடவில்லை? இவை எந்த ஆவணக் காப்பகத்திலும் இல்லாத தகவல்கள்.

பொதுவில் காட்டுங்கள். அனுமதியோடு, காவல்துறைக்குத் தெரிவித்து, ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, தமிழ்ப்பள்ளி மண்டபத்திலோ கோயில் மண்டபத்திலோ ஒரு நாள் கண்காட்சி வையுங்கள். பெட்டியின் ஒருபுறம் துப்பாக்கி, மறுபுறம் தொழிலாளர்களின் கோரிக்கைத் தாள். பக்கத்தில் ஒரு பழைய சைக்கிள். பிள்ளைகள் முதலில் துப்பாக்கியைப் பார்க்கத்தான் ஓடி வருவார்கள். வரட்டும். சைக்கிள் ஏன் அங்கே நிற்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்தவராக நீங்கள் அங்கே நில்லுங்கள்.

சமூகம் ஒன்றுசேர்ந்து கேட்டால் நடக்காது என்று யாரும் சொல்ல வேண்டாம். பிரிக்பீல்ட்ஸில் 1904-இல் தொடங்கிய விவேகானந்தர் ஆசிரமத்தின் நிலத்தில் அடுக்குமாடி எழுப்பும் திட்டம் 2014-இல் வந்தபோது மக்கள் எழுந்தார்கள், கையெழுத்துத் திரட்டினார்கள், கட்டடம் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. கிள்ளானில் 1857-இல் கட்டிய ராஜா அப்துல்லா கிடங்கு இன்றும் நிற்கிறது. ராஜா மஹாடியின் கோட்டைவாசல் நிற்கிறது. ஈயத்துக்காகவும் வரிக்காகவும் அரசகுமாரர்கள் மோதிக்கொண்ட கிள்ளான் போரின் தடயங்கள் அவை. அரசர்களின் சண்டைக்கு அடையாளம் இருக்கும் ஊரில், கூலிக்காரர்களின் போராட்டத்துக்கும் அதே தகுதியோடு ஓர் அடையாளம் வேண்டும் என்று கேட்பது பேராசை அல்ல.

2041-இல் கிள்ளான் வேலைநிறுத்தத்துக்கு நூறு ஆண்டு நிறைகிறது. இன்று இருபதுகளில் இருக்கும் நீங்கள் அப்போது குடும்பத்தோடும் அனுபவத்தோடும் ஊரில் சொல்லுக்கு மதிப்புள்ளவர்களாக இருப்பீர்கள். அந்த ஆண்டுக்கு ஒரு நூற்றாண்டுக் கண்காட்சியை நடத்தும் பொறுப்பைச் சேகரிப்பாளர்களாகிய நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதே என் வேண்டுகோள். துப்பாக்கியைப் பற்றி உங்களைப்போல் அறிந்தவர்கள் பேராசிரியர்களிலும் குறைவு. எந்தப் படைப்பிரிவிடம் எந்த ஆண்டு எந்த மார்க் இருந்தது என்று உங்களால் சொல்ல முடியும். பழைய படத்தில் சிப்பாயின் தோளில் தெரியும் மரத்துண்டைப் பார்த்தே வகையைச் சொல்லிவிடுவீர்கள். அந்த அறிவு ஐந்து உயிர்களின் பக்கம் நின்று பேசத் தொடங்கினால், அவர்கள் யார், எந்தத் தோட்டம், குடும்பம் எங்கே போனது என்று தேடத் தொடங்கினால், உங்கள் சேகரிப்புக்கு இந்த நாட்டில் எந்த அருங்காட்சியகத்துக்கும் இல்லாத மதிப்பு வந்துவிடும்.

முதல் வேலை எளியது. இந்த மாதமே நான்கைந்து பேர் ஒன்றுகூடுங்கள். உங்கள் கோப்புகளை எடுத்து வாருங்கள். இரண்டாம் பகுதி காலியாக இருப்பவை எவை என்று பட்டியல் போடுங்கள். யார் எந்த ஊருக்குப் போய் யாரிடம் கேட்பது என்று பிரித்துக்கொள்ளுங்கள். தேடல் அங்கிருந்து தானாகவே நடக்கும்.

அன்புடனும் நம்பிக்கையுடனும்,
கிள்ளானிலிருந்து உங்கள் நலம்விரும்பி